செவலையும் பச்சை பட்டனும்

முப்பத்தைந்து வருஷம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். மாட்டு வைத்தியம் படித்தவன் இல்லை. ஆனாலும் இன்றைக்கு மாட்டுக்கு வரும் ஒரு நோயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த நோய் எங்கள் வீட்டில் ஒரு பசுவைக் கொண்டுபோனது. இன்னொன்றை விட்டுவைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் சில நாட்கள்தான். அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம். நான் பையனாக இருந்தபோது ஊர் மாடெல்லாம் காலையில் ஒன்றாகக் கிளம்பி ஏரி உள்வாயிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் மேய்ந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பும். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் டெய்ம்லர் லாரி, 2013இல் ராயல் என்ஃபீல்டு. நிலம் கொடுத்துவிட்டு நின்றவர்களும் உண்டு, வேலை கிடைத்து வீடு கட்டியவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். அதனால் கம்பெனிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

வெளியூர்க்காரர்கள் ஒன்றைத் தப்பாக நினைக்கிறார்கள். கம்பெனி வந்ததும் எங்கள் பக்கம் மாடு போய்விட்டது என்று. போகவில்லை. ஷிப்டு பஸ்ஸுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிற பையனின் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள், இரண்டு மாடு கட்டியிருக்கும். பார்த்துக்கொள்வது அவன் அம்மா, இல்லை ஆயா. பையன் வேலை கான்ட்ராக்ட். இன்றைக்கு உண்டு, நாளைக்குத் தெரியாது. பால் சொசைட்டிக் காசு நிற்காமல் வரும். கம்பெனி ஆள் குறைத்த காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்களுக்கு உலை வைத்தது மாடுதான்.

மாறியது வேறு. மேய்ந்த நாட்டுக் குட்டை மாடு போய், கட்டிப்போட்டுத் தீனி போடுகிற ஜெர்சி கலப்பு வந்தது. மண்சுவர்த் தொழுவம் போய், பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வந்தன. இந்தச் சுவரை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறது.

செவலை ஜெர்சி கலப்பு. இரண்டு வேளையும் சேர்த்துப் பத்து லிட்டர் கறக்கும். என் மனைவியின் மாடு என்றுதான் சொல்ல வேண்டும். நான் பணம் கட்டியதோடு சரி. 2014 மே மாதம், நல்ல அக்னி நட்சத்திரம். ஒரு நாள் காலையில் தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்றது. தொட்டால் சுட்டது. "வெயில்தான், சாயங்காலம் சரியாயிடும்" என்றேன். மறுநாள் மனைவி, "ஏங்க, தோள்கிட்ட நெறி கட்டியிருக்கு பாருங்க" என்றாள். முன்னங்கால் தோளுக்கு முன்னால் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. "உண்ணி கடிச்ச வீக்கம். மஞ்சள் பத்து போடு" என்றேன். மூன்றாம் நாள் ஊசி போடுகிறவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். டாக்டர் இல்லை, பழக்கத்தில் போடுகிறவர். காய்ச்சல் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டார். அரை நாள் சூடு இறங்கியது. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் வெள்ளைத் துணி போல இருந்தது. ஆறாம் நாள்தான் டாக்டர் கிடைத்தார். நடுவில் விடுமுறை வேறு. அவர் கட்டியைத் தொட்டார், இமையைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் சரியான ஊசியைத்தான் போட்டார். ஏழாம் நாள் விடியும்போது செவலை இல்லை. ஐந்து மாதக் கன்று கத்திக்கொண்டிருந்தது. "மூணு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தீங்கன்னா பொழைச்சிருக்கும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

நோயின் பெயர் தைலேரியா. ஒரே ஒரு செல்லால் ஆன ஒட்டுண்ணி, உண்ணி மூலம் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த சுவிட்சர்லாந்துக்காரரான கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தைலரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் நோபல் பரிசு வாங்கிய மாக்ஸ் தைலர் அவருடைய மகன். ஆப்பிரிக்காவில் இருப்பது ஒரு வகை. நம் நாட்டில் கலப்பின மாடுகளைக் கொல்வது தைலேரியா அனுலேட்டா என்ற வகை. இது மனிதருக்குத் தொற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி மகள் அப்போது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். 1903இல் தொடங்கிய கல்லூரி. அடுத்த பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன். "ஏம்மா, உடம்புல வெள்ளையணு இருக்குதே, கிருமி வந்தா சண்டை போடத்தானே இருக்குது? அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?"

"பெரியப்பா, அந்தக் கிருமி குடியிருக்கிறதே வெள்ளையணுக்குள்ளதான்" என்றாள். அதோடு விடவில்லை. நான் எலக்ட்ரீஷியன் என்பதால் என் பாஷையிலேயே சொன்னாள். அன்று அவள் சொன்னதையும் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீர்கள். பச்சை பட்டனை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். வெள்ளையணுவிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. என்.எஃப்.கப்பா-பி என்று ஒரு புரதம். சாதாரண நேரத்தில் இன்னொரு காவல் புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். எங்கள் பாஷையில் இன்டர்லாக். கிருமி வந்துவிட்டது என்று சேதி வந்தால், ஐ.கே.கே. என்ற நொதிக் கூட்டம் காவலை அகற்றும். அவிழ்ந்த புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், "சண்டைக்குத் தயாராகு, செத்துவிடாதே, பெருகு" என்று உத்தரவு போடும். ஆபத்து தீர்ந்ததும் புதுக் காவல் உண்டாகி மறுபடி கட்டிப்போடும். மோட்டார் நிற்கும்.

தைலேரியா உள்ளே போய் இந்தப் பச்சை பட்டனைப் பிடித்துக்கொள்கிறது. காவலை அகற்றும் அந்த நொதிக் கூட்டத்தைத் தன் உடம்பின் மேலேயே கூட்டி வைத்து, ஓயாமல் வேலை செய்ய வைக்கிறது என்று ஆப்பிரிக்க வகையில் கண்டுபிடித்து 2002இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். நம் ஊர் வகையிலும் என்.எஃப்.கப்பா-பி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு இன்னொரு கைவேலையும் தெரியும். 2015இல் பாரிஸ் விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் எழுதியது இது: இந்த ஒட்டுண்ணி ஒரு நொதியைச் செல்லுக்குள் விடுகிறது. "பெருகு" என்று உத்தரவிடும் சி-ஜூன் என்ற புரதத்தை, வேலை முடிந்ததும் செல் வழக்கமாகக் கழித்துவிடும். இந்த நொதி அதைக் கழிய விடாமல் காப்பாற்றுகிறது.

விளைவு என்னவென்றால், வெள்ளையணு பிரிந்துகொண்டே போகிறது. ஒட்டுண்ணிக்கு ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. செல் பிரியும்போது அதை இரண்டாக இழுக்கும் இழைகளைப் பிடித்துக்கொண்டு அதுவும் கூடவே பிரிகிறது. ஆளுக்குப் பாதி. தோள் பக்கம் நெறி கட்டியதே, அது கிருமி பிடித்த வெள்ளையணுக்கள் பெருகிக் குவிந்த இடம். அங்கிருந்து உடம்பெல்லாம் பரவி, பிறகு ஒரு பகுதி சிவப்பணுவுக்குள் போகிறது. ரத்தம் வெளுக்கிறது. பிடிபட்ட செல்கள் வெளியே விடும் சேதிகளோ வேறு கூத்து. ஆபத்து ஆபத்து என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். மாட்டுக்குக் காய்ச்சல் ஏறுவதும், தீனி இறங்காததும், உடம்பு உருகுவதும் பெரும்பாலும் அந்த மணியோசையால். உண்மையில் அடிக்க வேண்டிய கிருமியோ அடி வாங்குவதில்லை.

"இது கேன்சர் மாதிரியில்ல இருக்குது?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"மாதிரிதான் பெரியப்பா, ஆனா கேன்சர் இல்ல. கேன்சர்ல வயரிங்கே மாறிப்போயிடும். இதுல வயரிங் நல்லாத்தான் இருக்குது. யாரோ ஒருத்தர் பச்சை பட்டன்ல விரலை வெச்சிக்கினு நிக்கிறாங்க, அவ்ளோதான். விரலை எடுத்துட்டா மோட்டார் நின்னுடும்."

அந்த விரலை எடுக்கிற மருந்து இருக்கிறது. புபார்வாகோன் என்று பெயர், 1980களில் வந்தது. ஒட்டுண்ணியைக் கொன்றதும், அதுவரை தலைதெறிக்கப் பெருகிய வெள்ளையணுக்கள் பெருக்கத்தை நிறுத்திவிடும், பிறகு வழக்கம்போல வாழ்ந்து சாகும். இப்படித் திரும்பி வருகிற நோய் அபூர்வம். ஆனால் மருந்து விரலைத்தான் எடுக்கும். அதற்குள் வெளுத்துப்போன ரத்தத்தையும் கெட்டுப்போன நுரையீரலையும் குடலையும் அது திருப்பித் தராது. இரண்டாம் நாள் போட்டால் மாடு பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆறாம் நாள் போட்டால் கிருமியும் சாகும், மாடும் சாகும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

ஆகவே முதல் குற்றவாளி நான். மனைவி கட்டியைக் கண்டுபிடித்தாள், நான் அதற்கு மஞ்சள் பூசச் சொன்னேன். இதை மறைக்காமல் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை.

மற்றது இது. நாட்டு மாடு இந்த நோயை ஓரளவு தாங்கும். சாஹிவால் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே மாதிரி கிருமியைக் கொடுத்துப் பார்த்து, 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. சாஹிவாலுக்கு நோய் லேசாக வந்து போனது. ஹோல்ஸ்டீன் கடுமையாக அவதிப்பட்டது. சாஹிவால் உடம்பில் அந்த ஆபத்து மணி அளவாக அடிக்கிறது என்பது ஒரு காரணம். எத்தனையோ தலைமுறையாக இந்த உண்ணியோடும் இந்தக் கிருமியோடும் பழகிய ரத்தம்.

உடனே "அதனால்தான் நாட்டு மாட்டுக்குத் திரும்புங்கள் என்கிறோம்" என்று சில நண்பர்கள் கிளம்புவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் பக்கத்து நாட்டு மாடு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். அதை வைத்துப் பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட முடியாது. மேய்ச்சல் நிலமும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி மாட்டினம் சுமார் 95 லட்சம், அதில் பெரும்பகுதி கலப்பினம். பின்னால் போக வழி கிடையாது. நான் சொல்வது வேறு. வெளிநாட்டு ரத்தத்தை ஊர் ஊராகக் கொண்டுவந்து சேர்த்தோம். அந்த ரத்தத்துக்கு வேண்டிய காவலைக் கூடவே கொண்டுவரவில்லை.

அந்த ரத்தம் எப்படி வந்தது? திரவ நைட்ரஜன் கேனில் வந்தது. சினை ஊசி போட வருகிறவர் கேன் மூடியைத் திறந்து, புகை பறக்க உறைவிந்துக் குச்சியை எடுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்த நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு. கிருமி பிடித்த வெள்ளையணு குடுவையில் ஓயாமல் பெருகும் அல்லவா? அதை அப்படியே மாதக்கணக்காக வளர்த்துக்கொண்டே போனால் கிருமி தன் கடுமையை இழந்துவிடும். அதையே தடுப்பூசியாகப் போடலாம். நோயின் பலத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிற வேலை. இஸ்ரேலில் முதலில் செய்தார்கள். இந்தியாவில் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் ரக்ஷாவாக்-டி என்ற பெயரில் கொண்டுவந்தது. உயிருள்ள செல் என்பதால் சாதாரண ஐஸ் பெட்டி போதாது. திரவ நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். "அதனால்தான் கிராமத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம்" என்று எனக்குச் சொன்னார்கள்.

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜெர்சி விந்து வருகிற கேன் எங்கள் ஊருக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது? நோய் தாங்காத கன்றைக் கொண்டுவர நைட்ரஜன் கிடைக்கும், அந்தக் கன்றைக் காப்பாற்றும் ஊசியைக் கொண்டுவர நைட்ரஜன் கஷ்டம் என்றால் எப்படி? கலப்பினக் கன்று பிறக்கிற ஒவ்வொரு ஊரிலும் அதே கேன் வழியாக இந்தத் தடுப்பூசியும் வர வேண்டும். கோமாரிக்கு அரசாங்கம் ஊர் ஊராக வந்து ஊசி போடுகிறதே, அந்த முனைப்பில் ஒரு பங்கு போதும்.

இரண்டாவது, மைக்ராஸ்கோப். கட்டியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தால், வெள்ளையணுவுக்குள் நீல உருண்டைகளாகக் கிருமி தெரியும். ராபர்ட் காக் பெயரில் அதைக் காக் உருண்டை என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய முறை. இதற்கு வேண்டியது ஒரு மைக்ராஸ்கோப், சாயம், பார்க்கத் தெரிந்த ஓர் ஆள். பார்க்காமல் போடுவதிலும் ஆபத்து உண்டு. துனிசியா போன்ற நாடுகளில் இந்த மருந்துக்கு மசியாத கிருமி கிளம்பிவிட்டது. கண்டமேனிக்குப் போட்டால் இங்கும் வராது என்று யார் சொல்ல முடியும்? எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்க மிஷின் வைத்திருக்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் விலங்கு நலனும் இருக்கிறது. சுற்றுப்பட்ட ஒவ்வொரு மருந்தகத்துக்கும் ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பும் ஆளும் கொடுத்தால், பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூன்றாவது, நம் வேலை. இந்த நோயைக் கொண்டுவரும் ஹயலோமா உண்ணி எந்நேரமும் மாட்டின் மேலேயே இருப்பதில்லை. ரத்தம் குடித்ததும் இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பில் பதுங்கிக்கொள்ளும். அங்கேயே தோலுரித்து, வளர்ந்து, மறுபடி மாட்டின் மேல் ஏறும். சின்ன வயதில் ஒரு மாட்டிடம் வாங்கிய கிருமியை வளர்ந்த பிறகு இன்னொரு மாட்டுக்குக் கொடுக்கும். பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் சுவர் அதற்குக் குடியிருப்பு கட்டிக் கொடுத்த மாதிரி. மாட்டுக்கு மருந்து தெளித்துவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பாதி வேலைதான். நம் பெரியவர்கள் பொங்கலுக்குத் தொழுவம் மெழுகிச் சுண்ணாம்பு அடித்தார்கள். உண்ணியை நினைத்துச் செய்தார்களோ என்னவோ, வெடிப்பு அடைபட்டது. இன்றைக்கு வீட்டுக்கு ஏஷியன் பெயின்ட், தொழுவத்துக்கு ஒன்றும் இல்லை.

செவலையின் கன்றைச் சின்னச் செவலை என்று வளர்த்தோம். 2022 ஆனி மாதம் அதற்கும் காய்ச்சல் வந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. தோளைத் தடவிப் பார்த்தேன். நெறி இருந்தது. தம்பி மகளுக்குப் போன் செய்தேன். "நாளைக்குன்னு வெச்சிக்காதீங்க பெரியப்பா" என்றாள். மறுநாள் காலை டாக்டர் வந்தார். கட்டியிலும் காது நுனியிலும் எடுத்துப்போய் மதியத்துக்குள் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கழுத்துச் சதையில் ஆழமாக ஊசி போட்டார். மூன்றாம் நாள் தவிட்டுத் தண்ணீர் குடித்தது. பால் பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் மாடு இருக்கிறது. அந்த மருந்தகத்தில் மைக்ராஸ்கோப் இருந்தது, பார்க்கத் தெரிந்த டாக்டரும் இருந்தார், அவருக்கு நேரமும் இருந்தது. மூன்றும் ஒன்றாக அமைந்தது என் அதிர்ஷ்டம். அடுத்த வீட்டு ஆயாவின் மாடு பிழைப்பதும் சாவதும் அதிர்ஷ்டத்தில் இருக்கக் கூடாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்தால் மஞ்சளை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். கறக்க உட்காரும்போதே தோளுக்கு முன்னால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

போன பொங்கலுக்குத் தொழுவத்துச் சுவரை நானே சிமெண்ட் பூசினேன். அறுபது வயதுக்கு மேல் கொத்தனார் வேலை. முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்தபடியே, "இதை 2014லயே செஞ்சிருக்கலாம்" என்றாள். பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?